இருபத்து நான்கு இடது கைகள்

2024 செப்டம்பர் 9, திங்கள். காலை 10.40. மொத்தக் கணினி 24. முடிந்தது 1.

ஒன்றுக்கு ஐம்பது நிமிடம் ஆயிற்று. மீதியைப் பெருக்கிப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

இடம் கோபிசெட்டிபாளையம், உரக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் சுடர் தட்டச்சுப் பயிலகம். பாதி அறையில் உறை போட்ட தட்டச்சு இயந்திரங்கள். மீதிப் பாதியில், மூடிப்போன ஒரு பள்ளியிலிருந்து வாங்கி வந்த பழைய கணினிகள். மூன்று கம்பெனி, மூன்று வயது, மூன்று விதமான கோளாறு.

ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் தட்டச்சர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். தமிழ்த் தட்டச்சுத் தேர்வு 22ஆம் தேதி ஞாயிறு, இந்த முறை கணினியில். மூன்று பேட்ச். எல்லாக் கணினியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஒரு பேட்ச் அடித்தது அடுத்த பேட்ச் கண்ணில் படக் கூடாது என்று நிபந்தனை. 20ஆம் தேதி சங்கத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வருவார். அவர் சரி என்றால் தேர்வு இங்கே. இல்லையென்றால் எல்லோரும் கோயமுத்தூர்.

இதற்குள் நான் ஏன் வந்தேன்? பயிலகத்தை நடத்தும் விசாலாட்சி டீச்சர் என் அக்கா மேகலாவிடம் கேட்டார். மேகலா என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள். அவள் இங்கேதான் படித்தாள், கல்யாணத்துக்கு முன்னால். இப்போது ஐந்து மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இந்தத் தேர்வை எழுதப் போகிறாளாம்.

"கோயமுத்தூர்னா நான் எழுதலடா சங்கரு. போக ரெண்டரை மணி நேரம், வர ரெண்டரை. நடுவுல இவளுக்கு யாரு பால் குடுப்பா, நீயா?"

"எழுதாட்டிப் போ. எனக்கென்ன?"

எனக்கு ஒன்றுமில்லைதான். கம்பெனியில் இரண்டு வாரம் விடுப்பு. லடாக் போவதற்காக எடுத்தது. வண்டியின் செயின் சரியில்லை, அதனால் போகவில்லை. சும்மா இருப்பதற்கு இது.

ஆனால் இந்த வேலையை இப்படிச் செய்ய முடியாது. ஆபரேட்டிங் சிஸ்டத்தை நிறுவும்போது அது கேள்வி கேட்கிறது. எந்த மொழி? எந்த விசைப்பலகை? எந்த ஊர் நேரம்? உங்கள் பெயர்? கடவுச்சொல்? வட்டை அழிக்கலாமா? நிச்சயமாகவா? ஒரு மனிதன் இதே கேள்விகளை என்னிடம் இருபத்து நான்கு தடவை கேட்டிருந்தால் மாடியிலிருந்து இறக்கிவிட்டிருப்பேன்.

முடிவு: கையால் செய்வதை நிறுத்துகிறேன். எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே கோப்பில் பதில் எழுதி, அதை முன்கூட்டியே கொடுத்துவிடப் போகிறேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்.

இன்று முழுக்கப் பதில் கோப்பு. மேகலா குழந்தையோடு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள். யாராவது பின்னால் நின்று திரையைப் பார்த்தால் எனக்குக் கழுத்து அரிக்கும்.

"இது என்னடா பண்ணுது?"

"என் லேப்டாப்புக்குள்ள பொய்யா ஒரு கம்ப்யூட்டர் உண்டாக்கறேன். அதுக்குள்ள சிஸ்டத்த ஒரே ஒரு தடவை நிறுவறேன். நிறுவி முடிச்சா அது மொத்தமும் ஒரே ஃபைல். அந்த ஃபைலை எல்லா மெஷினுக்கும் காப்பி பண்ணிட்டா முடிஞ்சுது."

"கம்ப்யூட்டருக்குள்ள கம்ப்யூட்டரா? இவ என் வயித்துல இருந்த மாதிரியா?"

"ஆமா. மசக்கை இல்லாம."

"அப்ப சுகப்பிரசவமான்னு பார்த்துச் சொல்லு" என்று போய்விட்டாள்.

சுகப்பிரசவம் இல்லை. வேலையை ஓட விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். மேகலா வீட்டில் பருப்பும் தயிரும். திரும்பி வந்தால், வட்டை அழிக்கலாமா என்று கேட்டுவிட்டு, நான் படியிறங்கிய நிமிடத்திலிருந்து அப்படியே காத்திருந்தது. அந்த ஒரு பதிலை எழுத மறந்திருக்கிறேன்.

செப்டம்பர் 11, புதன்.

மறுபடி நின்றது. ஊர் நேரம். ஒரு எழுத்துப் பிழை. வேறு எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 12, வியாழன்.

ஓடியது!

முப்பத்தெட்டு நிமிடம். நான் எந்த விசையையும் தொடவில்லை. கேள்வி வந்தது, பதில் தானாகப் போயிற்று, அடுத்த கேள்வி வந்தது. நாற்காலியில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, கடைசி வரைக்கும் பார்த்தேன். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, அதற்காகத்தானே தானியங்கி. ஆனாலும் பார்த்தேன். கடைசியில் பொய்க் கணினி தானே அணைந்து தானே எழுந்தபோது என்னையறியாமல் மேஜையைத் தட்டிவிட்டேன்.

விசாலாட்சி டீச்சர் கையில் அளவுகோலோடு வந்தார். அவர் கையில் அது எப்போதும் இருக்கும்.

"ஏந் தம்பி, காலைல இருந்து சும்மாதான உக்காந்திருக்கற?"

"வேலை ஓடிட்டு இருக்குதுங்க டீச்சர்."

"வேலை ஓடுது. நீ உக்காந்திருக்கற."

"அதுதானுங்க வேலையே."

என் விசைப்பலகையைப் பார்த்தார். பிறகு என் விரல்களை. "ஆமா, நீ ரெண்டு வெரல்ல அடிக்கறயே, இதையா கம்பெனில சம்பளம் குடுத்துப் பாத்துட்டு இருக்காங்க?"

"மூணு வெரல்ங்க."

"மூணாவது எங்க இருக்குது?"

"ஸ்பேஸ் அடிக்கங்க."

தலையில் அடித்துக்கொண்டு போனார். பொறியியல் படித்து நான்கு வருடம் சர்வர் பார்த்தவனை விரலை வைத்து எடை போடுகிறார்.

செப்டம்பர் 14, சனி.

இருபத்து நான்கு கணினிக்கும் கோப்பைக் காப்பி செய்தேன். வலைக்கம்பி வழியாக ஒரு மணி நேரத்தில் போய்விட்டது. இப்போது எந்தக் கணினியைத் திறந்தாலும், உள்ளே பழைய சிஸ்டத்தின் மேல் என்னுடைய பொய்க் கணினி முழுத்திரையில் வருகிறது. எல்லாம் ஒரே முகம். பேட்ச் முடிந்ததும் ஒரு கட்டளை. அடித்தது எல்லாம் போய், நிறுவிய நிமிடத்துக்கே திரும்பிவிடும். டீச்சர் முன்னால் செய்து காட்டினேன். பக்கம் பக்கமாக அடித்து வைத்ததை ஒரே நிமிடத்தில் காணாமல் ஆக்கினேன்.

"கரும்பலகை அழிக்கற மாதிரி" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொள்கிறேன்.

லடாக் போகும் வழியில், மணாலியிலிருந்து நண்பன் ரியாஸ் கூப்பிட்டான். பின்னால் காற்றுச் சத்தம். "மச்சி, செயின் மாத்த ஒரு நாள் ஆவுமா? இப்பக்கூடக் கிளம்பி வரலாம். சும்மா சாக்குச் சொல்லாத."

பல்சக்கரமும் தேய்ந்துவிட்டது என்று சொன்னேன்.

செப்டம்பர் 16, திங்கள்.

மாதிரித் தேர்வு என்று டீச்சர் பழைய மாணவிகள் ஆறு பேரைக் கூப்பிட்டிருந்தார். மேகலாவும் ஒருத்தி. குழந்தை என்னிடம்.

மேகலா அடிப்பதை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன், கவனித்ததில்லை. தாளை மட்டும் பார்க்கிறாள். கையைப் பார்ப்பதே இல்லை. நடுவில் ஒரு இடத்தில் விரல் எதிலோ பட்டு, விசைப்பலகை ஆங்கிலத்துக்கு மாறிவிட்டது. அவள் தாளையே பார்த்துக்கொண்டு நான்கு வரி ஆங்கில எழுத்தாக அடித்துத் தள்ளினாள். நிமிர்ந்து பார்த்தபோது முகம் சின்னதாகிவிட்டது.

"எனக்கு இது வராதுடா. மிஷின்ல அடிச்ச கை."

"மாத்தற சாவி அங்க இருந்ததுதான் தப்பு. உன் மேல இல்ல."

இதை நான் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

டீச்சர் அளவுகோலை மேஜையில் வைத்தார். "தம்பி, இங்கிலீசே வேண்டாம். பொத்தானைத் தொட்டா தமிழ். வேற எதுவும் வரக் கூடாது. ஆவுமா?"

"ஒரு வரி மாத்தணுங்க. அவ்வளவுதான்."

செப்டம்பர் 17, செவ்வாய்.

அந்த ஒரு வரியை மாற்றினேன். விசைப்பலகை: தமிழ், தட்டச்சு முறை. ஆங்கிலத்தை எடுத்துவிட்டேன். மறுபடி நிறுவ விட்டேன், காப்பி செய்ய விட்டேன். ஒரு வரி மாற்றத்துக்கு யாராவது எழுந்து போய் ஒவ்வொன்றாகச் சோதிப்பார்களா? தேவையில்லை. இதற்குத்தான் தானியங்கி.

மதியத்துக்குப் பிறகு நேரமிருந்தது. குழந்தை ஆதிரைக்கு வயிறு சரியில்லை, அழுதுகொண்டே இருந்தாள். மேகலா ஓர் இயந்திரத்தின் உறையை எடுத்து, காகிதம் போடாமல் ஒரு கையால் அடிக்க ஆரம்பித்தாள். டக் டக் டக் டக் டக். குழந்தை அழுகையை நிறுத்தி, சத்தம் வந்த திசையைத் தேடிக் கண்ணை உருட்டினாள்.

"வயித்துல இருக்கும்போதே இதுதான் கேட்டுட்டு இருந்துச்சு" என்றாள் மேகலா. "ராத்திரி நான் சாப்பாட்டு மேஜைல வெரலால அடிச்சுப் பாப்பேன். உங்க மச்சான் பேய் புடிச்சுருச்சுன்னு நெனச்சாரு."

அதாவது, தேர்வு அறிவிப்பு வருவதற்கு ரொம்ப முன்னாலிருந்தே அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 19, வியாழன்.

நாசம்.

காலை பதினொரு மணிக்குக் கடைசி ஒத்திகை. மேகலா முதல் கணினியில் உட்கார்ந்து கடவுச்சொல்லை அடித்தாள். தவறு என்றது.

"தப்பா அடிச்சிருப்ப" என்றேன்.

"நான் தப்பா அடிக்க மாட்டேன்."

"எல்லாரும் அடிப்பாங்க. தள்ளு." நான் அடித்தேன். தவறு. மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, மூன்று விரலில் அடித்தேன். தவறு. அடுத்த கணினி. தவறு. அதற்கடுத்தது. தவறு. இருபத்து நான்கும் ஒரே முகத்தோடு, ஒரே வாக்கியத்தில் என்னை உள்ளே விட மறுத்தன. ஒரு பிழையை இவ்வளவு ஒழுங்காக, ஒன்றுகூட விடாமல், வேறெந்த வழியிலும் செய்திருக்க முடியாது.

"நாளைக்கு அந்த ஆளு வர்றாரில்ல?" என்றாள் மேகலா. சத்தமே இல்லாமல் கேட்டாள்.

"வரட்டும்."

"சங்கரு, ஆவலைன்னா சொல்லிரு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"வாயை மூடிட்டு ரெண்டு நிமிஷம் இரு."

கடவுச்சொல் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும் என்பதால் என்ன விழுகிறது என்று பார்க்க முடியவில்லை. மேலே பெயர் எழுதும் பெட்டியில் அடித்துப் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. எஸ் விசையை அழுத்தினால் ள விழுகிறது. யூ அழுத்தினால் ர. கடவுச்சொல்லை நான் ஆங்கிலத்தில் வைத்திருக்கிறேன். விசைப்பலகையில் ஆங்கிலமே இல்லாமல் செய்துவிட்டேன். உலகத்தில் யாராலும் அடிக்க முடியாத ஒரு கடவுச்சொல். பூட்டைப் போட்டுவிட்டு, சாவித் துவாரத்தையும் பூசிவிட்டேன்.

என் தவறு. ஒரு வரிதானே என்று சோதிக்காமல் விட்டேன். எழுதிவிட்டேன், போதும்.

"இங்கிலீசை மறுபடி சேத்துர்றேன்" என்றேன்.

"சேத்தா மறுபடி அந்தச் சாவி வரும். நான் மறுபடி அதுல கை வெப்பேன்" என்றாள். உட்கார்ந்தபடியே, யோசனையில், அவளுடைய இடது கை விசைப்பலகையின் மேல் போய் அமர்ந்தது. சின்ன விரலிலிருந்து வரிசையாக ஐந்து தட்டு. பெயர்ப் பெட்டியில் விழுந்தது: யளனகப.

"இது என்ன?"

"எது? ஓ, அதுவா. மொத பாடம்டா. டைப்பிங் வந்தவங்க யாரு கைய வெச்சாலும் மொதல்ல அதுதான் வரும். நான் அடிச்சதே எனக்குத் தெரியல."

அறையின் மறுபக்கத்தில் டீச்சர் நிமிர்ந்து பார்க்காமலே தொடர்ந்து சொன்னார்: "யளனகப. ஆயிரம் தடவை அடிச்சாத்தான் ரெண்டாவது பாடம்."

நான் கொஞ்ச நேரம் அந்த ஐந்து எழுத்தையும் பார்த்தேன். பிறகு மேகலாவை நாற்காலியோடு தள்ளிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். கடவுச்சொல் தமிழில் இருக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. பதில் கோப்பில் ஒரு வரி. யளனகப.

இந்த முறை சோதித்தேன். நிறுவ முப்பத்தெட்டு நிமிடம், காப்பிக்கு ஒரு மணி நேரம். நடுவில் நாங்கள் மூவரும் கீழே போய் உரக்கடை வாசலில் வடை தின்றோம். இதைக் கையால் நிறுவியிருந்தால் இந்த நேரத்தில் அழுதுகொண்டிருப்போம். இரண்டரை மணிக்கு இருபத்து நான்கு கணினிக்கும் நடந்து நடந்து போய் நானே அடித்தேன். இருபத்து நான்கும் திறந்தன.

பாதுகாப்பு என்ற கோணத்தில் பார்த்தால் இது கேவலமான கடவுச்சொல். ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். பரவாயில்லை. ஒரு நாள் தேர்வு, அதற்குப் பிறகு கரும்பலகை.

செப்டம்பர் 20, வெள்ளி.

ஆய்வாளர் வந்தார். பெயர் தங்கவேலு. நெற்றியில் திருநீறு, கையில் பை, எதையும் நம்பாத முகம். நேராகக் கடைசி வரிசைக் கணினிக்குப் போனார். எல்லோரும் முதல் வரிசையைத்தான் நன்றாக வைத்திருப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"பாஸ்வேர்டு என்னங்க?"

"மொத பாடமுங்க" என்றார் டீச்சர்.

"புரியலீங்க."

"யளனகப."

அவர் குனிந்து, ஒரு விரலை நீட்டி, ய எங்கே என்று தேட ஆரம்பித்தார். டீச்சரின் அளவுகோல் மேஜையில் விழுந்தது. தங்கவேலு துள்ளி நிமிர்ந்தார்.

"ஒத்தை வெரல்ல அடிக்காதீங்க. இந்த ரூம்ல ஒத்தை வெரல்ல அடிக்கறது இவன் ஒருத்தன்தான், இவனுக்கே அனுமதி கெடையாது. இடது கைய வையுங்க. சுண்டு வெரல் அங்க. ம், அடிங்க."

அவர் அடித்தார். திறந்தது. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, தான் ஆய்வாளர் என்று நினைவு வந்ததும் போய்விட்டது. ஒரு பத்தி அடித்துப் பார்த்தார். நான் கட்டளை கொடுத்தேன். ஒரு நிமிடத்தில் பத்தி போயிற்று. நடுவில் இருந்த இன்னொரு கணினிக்குப் போனார், அதே. மூன்றாவதற்கும் போனார்.

"எல்லாம் ஒண்ணாட்டவே இருக்குதே" என்றார், அதில் ஏதோ குற்றம் இருப்பதுபோல.

"அதுக்குத்தானுங்க இவ்வளவும்" என்றேன்.

கையெழுத்துப் போட்டார். கீழே போய்ச் செருப்புப் போடும்போது அவர் இடது கை பையின் மேல் ஏதோ தட்டிக்கொண்டிருந்ததை மாடியிலிருந்து பார்த்தேன்.

மேகலா குழந்தையை என் கையில் திணித்துவிட்டு, ஓர் இயந்திரத்தில் போய் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் அடித்துத் தீர்த்தாள்.

செப்டம்பர் 22, ஞாயிறு.

காலையில் மழைத் தூறல். மாடிப்படி முழுக்கச் செருப்பும் குடையும். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். ஒருத்தி கணினியைப் பார்த்ததும் "இதுல ரிப்பன் எங்க?" என்று கேட்டாள். பயத்தில் கேட்கிறாளா கிண்டலா என்று தெரியவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், அதனால் பயம் கொஞ்சம் குறைந்தது.

முதல் பேட்சுக்கு நானே எல்லாவற்றையும் திறந்து வைத்திருந்தேன், பழுதில்லாமல் போயிற்று. அடித்ததையெல்லாம் சங்கத்துக்காரர்கள் எடுத்துக்கொண்டதும் ஒரு கட்டளை, ஒரு நிமிடம், எல்லாம் புதிது. நான் ஓடியாடிச் செய்ய எதுவுமே இல்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். விசாலாட்சி டீச்சர் கேட்டார்: "இன்னைக்கும் சும்மாதானா?"

"ஆமாங்க டீச்சர். இன்னைக்கு நெஜமாவே சும்மாதான்."

மேகலா இரண்டாவது பேட்ச். நீலப் புடவை, மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். டீச்சர் முன்னால் நின்றார்.

"பாஸ்வேர்டு ஒண்ணும் சொல்ல மாட்டேன். எழுதியும் போட மாட்டேன். மொத பாடம்."

யாரோ மூக்கால் சிரித்தார்கள். இருபத்து நான்கு இடது கைகள் ஒன்றாக இறங்கின. ஐந்து தட்டு. நான்கு வருடமாக நான் விசைப்பலகைச் சத்தத்துக்குள்ளேயே இருக்கிறேன், இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. பிறகு இருபத்து நான்கு திரையும் திறந்து அறை முழுக்க வெளிச்சம்.

மேகலா திரும்பி என்னைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தாள். "முன்னாடி பாரு" என்று கையைக் காட்டினேன்.

மணி அடித்ததும் எல்லோரும் அடிக்க ஆரம்பித்தார்கள். தகரக் கூரையில் கனமழை மாதிரி. ஆதிரை என் தோளில் தலையை நிமிர்த்திக் கேட்டாள், ஒரு தடவை கொட்டாவி விட்டாள், தூங்கிப்போனாள். தேர்வு நடந்த பத்து நிமிடமும் எழவில்லை.

மேகலா வெளியே வந்தாள். விரலை உதறிக்கொண்டே, "பொத்தான் மெத்துமெத்துன்னு இருக்குது. அடிச்ச மாதிரியே இல்ல" என்றாள்.

"முடிச்சியா இல்லியா?"

"கடைசி வரி வரைக்கும். நேரம் மிஞ்சுச்சு, மறுபடி ஒரு தடவை மொதல்ல இருந்து பாதி அடிச்சுப்போட்டேன்." குழந்தையை வாங்கிக்கொண்டாள். "சங்கரு, நேத்து உங்க மச்சான் உன் வண்டிய எடுத்துட்டு மார்க்கெட் போனாரு. செயின் புதுசாட்ட இருக்குதாமே?"

"அவருக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்?"

"மெக்கானிக் கடை வெச்சிருக்கறவருக்கு எப்படிடா தெரியும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். சிரிப்பு உரக்கடை வரைக்கும் கேட்டது.

முடிவு வர இரண்டு வாரம் ஆகுமாம். வரட்டும்.

இனிச் செய்ய வேண்டியவை:

1. ரியாஸைக் கூப்பிட்டு, அடுத்த வருடம் லடாக் நிச்சயம் என்று சொல்ல. பல்சக்கரம் பற்றிப் பேச்செடுத்தால் வைத்துவிட.
2. பதில் கோப்பில், விசைப்பலகை வரிக்கு மேல் குறிப்பு எழுத: இதைத் தொட்டால் கடவுச்சொல்லையும் பார். சோதி. ஒரு வரிதானே என்று நினைக்காதே.
3. அந்த இருபத்து நான்கு பொய்க் கணினிகளையும் அழிக்க. பதில் கோப்பு மட்டும் இருந்தால் போதும், முப்பத்தெட்டு நிமிடத்தில் மறுபடி பிறக்கும்.
4. மேகலாவுக்கு வேலை கிடைத்தால் பகலில் குழந்தையை யார் பார்ப்பது? வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய முடியுமா என்று மேலாளரிடம் கேட்க. காரணம் கேட்டால் வண்டியின் செயின் சரியில்லை என்று சொல்ல.
5. நாளை காலை ஆறு மணி பேட்ச். டீச்சர் என்னைக் கேட்காமலே பெயரைச் சேர்த்துவிட்டார். இடது கை, சுண்டு விரலிலிருந்து. ஆயிரம் தடவை.